கிளி தெரியும் பெட்டி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். ஆயினும், ஆண்டுதோறும் ஆடிப் பூரத் தேரோட்டத்தைச் சேவித்து வந்த மூதாட்டி ஒருவருக்கு, எண்பதை நெருங்கும் வயதில் அதுவே கடக்க இயலாத தொலைவாயிற்று. கூட்டத்தில் நிற்க முழங்கால் இடம் தரவில்லை. “தேரை வீட்டுக்கே வரவழைத்துவிடலாம் அம்மா” என்று சொல்லி, மகன் அவரைத் தொலைக்காட்சிக் கடைக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்றார்.

மகனின் கண் 55 அங்குலப் பெட்டியின்மீது இருந்தது. விற்பனையாளர் அதில் மலர்களையும் அருவிகளையும் ஓடவிட்டுக் காட்டினார். அம்மையார் கேட்டது ஒன்றுதான்: “தாயார் இடக்கையிலே இருக்கிற கிளி தெரியுமா, தம்பி?”

பச்சிலைகளாலும் மலர்களாலும் நாள்தோறும் புதிதாகச் செய்து சாத்தப்படும் கிளி அது. விற்பனையாளர் சாதாரணக் கேபிள் சேனல் ஒன்றை வைத்தார். பெரிய திரையில் உருவங்கள் மங்கிக் கலங்கின. கிளி எங்கே தெரியப்போகிறது!

காரணம் எளியது. பழைய தரத்து ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 4 லட்சம் ஒளிப்புள்ளிகளே உண்டு. முழு எச்.டி. திரையில் அவை 20 லட்சத்துக்கும் மேல். 4கே திரையிலோ ஏறத்தாழ 83 லட்சம். வருவது நான்கு லட்சமாயின், திரை எத்தனை பெரிதாயினும் அதே நான்கு லட்சத்தை இழுத்துப் பரப்பத்தான் இயலும். சிறு நாழியால் அளந்ததைப் பெரிய அண்டாவில் கொட்டினால் அரிசி கூடுமா? ஆகவே பெட்டியுடன் எச்.டி. செட்டாப் பாக்ஸும், எச்.டி. சேனல்களும், இரண்டையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளும் வேண்டும்.

அடுத்தது அளவு. திரையின் அங்குலம் மூலைக்கு மூலை அளக்கப்படுவது. அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு தள்ளி அமர்வது கண்ணுக்கு இதம். அம்மையாரின் நாற்காலி ஆறடி தள்ளியிருந்தது. 43 அங்குலமே பொருத்தமாயிற்று. தட்டையான பெட்டிகளில் ஒலி மெலிந்திருக்கும். பாசுரம் செவியில் விழுகிறதா என்பதையும் முதியோர் கடையிலேயே கேட்டுப் பார்த்தல் நலம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதையும் விலை பேசும்போது நினைவில் கொள்ளலாம்.

1987-இல் தூர்தர்ஷனில் ‘ராமாயணம்’ தொடர் வந்தபோது, பெட்டிக்கே மாலையிட்டு வணங்கிய இல்லங்கள் உண்டு. கண்ணாடிக்குள் இருந்தாலும் அவர்களுக்கு அது தரிசனமே.

ஆடிப் பூரத்தன்று தேர் திரையில் அசைந்து வந்தது. கிளியும் தெரிந்தது. அம்மையார் எழுந்து நின்று கைகூப்பினார். அமர்ந்தபின் மெல்லக் கேட்டார்: “இது வந்துடுச்சு. இனிமே என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டியாப்பா?”

மகனிடம் விடையில்லை. திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பின், ஒரு வாரநாள் காலையில் வாடகைக் கார் ஒன்று அவ்வீட்டு வாசலில் நின்றது. சந்நிதியில் துளசித் தீர்த்தம் உள்ளங்கையில் விழுந்தபோது அம்மையார் கண்கலங்கினார்.

தள்ளாத நாளுக்குப் பெட்டி துணை. தள்ளி அழைத்துச் செல்ல ஒரு கை இருக்கும் நாளில், அதுவே போதும் என்று இருந்துவிடலாகாது.