குண்டு போட மறுத்த விமானிகளின் பாட்டு

டெசர்ட் சஃபாரி போய் வந்த நம் பிள்ளைகளின் ரீல்ஸில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. தி க்ளாஷ் குழுவின் 'ராக் தி காஸ்பா'. மணல்மேட்டில் வண்டி ஏறி இறங்கும், தலையில் ஒரு துண்டு கட்டியிருக்கும், கீழே 'அரேபியன் வைப்' என்று எழுதியிருக்கும். கேட்டால் "அண்ணா, இது நம்ம ஏரியா பாட்டு" என்கிறீர்கள்.

இல்லை. முதலில், காஸ்பா என்பதே இந்த ஊர்ச் சொல் அல்ல. அது வட ஆப்பிரிக்காவில் கோட்டையையும் பழைய நகரத்தையும் குறிக்கும் சொல். அல்ஜியர்ஸ் போனால் காஸ்பா பார்க்கலாம். துபாயில் இருப்பது பஸ்தக்கியா. ஆனால் என் கோபம் புவியியலைப் பற்றியது மட்டுமல்ல.

இந்தப் பாட்டின் இசையைப் போட்டவர் குழுவின் டிரம்மர் டாப்பர் ஹெடன். மற்றவர்கள் ஸ்டூடியோவுக்கு வருவதற்குள் டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் தானே வாசித்துப் பதிவு செய்துவிட்டார். வரிகளை எழுதியவர் ஜோ ஸ்ட்ரம்மர். அங்காராவில் பிறந்தவர், அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்ததால் கெய்ரோ, மெக்ஸிகோ என்று ஊர் ஊராக வளர்ந்த பிள்ளை. அந்த அப்பா பிறந்தது நம் லக்னோவில். சொந்த ஊர் எது என்று கேட்டால் விழிக்கிற கூட்டத்தில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குழுவின் பாட்டுகள் நீண்டுகொண்டே போவதைப் பார்த்து மேனேஜர் பெர்னி ரோட்ஸ் எரிச்சலாகி, எல்லாமே ராகம் மாதிரி இழுக்க வேண்டுமா என்கிற தொனியில் ஏதோ சொல்லியிருக்கிறார். ஸ்ட்ரம்மர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பாட்டின் தொடக்கத்தில் ராகம் என்ற சொல் வருவது இப்படித்தான். (மார்கழிக் கச்சேரிக்கு உங்களை இழுத்துப்போகும் பெரியம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.)

அது ஈரானில் இசைக்குத் தடை விழுந்திருந்த காலம். 1979 புரட்சிக்குப் பிறகு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாட்டை நிறுத்தச் சொன்னார் கொமேனி. ஸ்ட்ரம்மர் அதை ஒரு கேலிக்கதை ஆக்கினார். ராஜா பாட்டைத் தடை செய்கிறார். ஜனங்கள் கேட்கவில்லை, ஆடுகிறார்கள். ராஜா போர் விமானங்களை ஏவி, ஆடுகிறவர்கள் மேல் குண்டு போடச் சொல்கிறார். விமானிகள் மேலே போய், குண்டு போடாமல், காக்பிட் ரேடியோவில் அதே பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். 1982ல் 'காம்பாட் ராக்' ஆல்பத்தில் வந்தது. அடுத்த வருடம் அமெரிக்கப் பட்டியலில் எட்டாம் இடம் வரை போனது. அதற்குள் ஹெடனை ஹெராயின் பழக்கத்தால் குழு நீக்கிவிட்டது. டெக்ஸாஸில் எடுத்த வீடியோவில் டிரம்ஸ் வாசிப்பது வேறொருவர். இசையைப் போட்ட மனிதர் தன் ஹிட் பாட்டின் வீடியோவில் இல்லை.

இனி கோபத்துக்கு வருகிறேன். 1991 ஜனவரி 17, வளைகுடாப் போர். அமெரிக்கப் படையின் வானொலியில் ஒலித்த பாட்டு இது. குண்டு ஒன்றின் மேலும் பாட்டின் பெயரை எழுதினார்கள். அதைக் கேள்விப்பட்டு ஸ்ட்ரம்மர் அழுதார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குண்டு போட மறுத்த விமானிகளைப் பற்றிய பாட்டைக் கேட்டுக்கொண்டு குண்டு போடப் போனார்கள். பத்து வருடம் கழித்து, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், க்ளியர் சேனல் வானொலி நிறுவனம் தன் நிலையங்களுக்கு அனுப்பிய 'இப்போது போட யோசிக்க வேண்டிய' பாட்டுப் பட்டியலில் இதே பாட்டு இருந்தது. குண்டின் மேல் எழுதும்போது யாருக்கும் உறுத்தவில்லை.

இது யாரோ வெள்ளைக்காரர்கள் விவகாரம் என்று நினைத்தால், வீட்டில் விசாரியுங்கள். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். நம் மாவட்டத்துக்காரர்களும் உண்டு. கையிலிருந்த தினார் காகிதமானது. பஸ்ஸில் ஈராக்கைக் கடந்து, ஜோர்டான் எல்லையில் பாலைவன முகாமில் காத்திருந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் போய்ச் சேர்ந்தார்கள். வராமல் அங்கேயே தங்கிவிட்ட சிலரும் இருந்தார்கள். ஜனவரியில் அந்தப் பாட்டு ஒலித்தபோது வானத்துக்குக் கீழே இருந்தவர்களில் அவர்களும் சேர்த்தி.

இன்னொரு ஜனவரி 17 உங்களுக்கே நினைவிருக்கும். 2022ல் அபுதாபி முசஃபாவில் ஹூதிகளின் தாக்குதலில் எண்ணெய் டேங்கர்கள் வெடித்தன. இறந்த மூவரில் இருவர் இந்தியர், ஒருவர் பாகிஸ்தானியர். இந்த ஊரில் வானத்திலிருந்து எது விழுந்தாலும் அது பாஸ்போர்ட் நிறம் பார்த்து விழுவதில்லை. அதனால்தான் உங்கள் மணல்மேட்டு ரீல் எனக்கு எரிச்சலைத் தருகிறது. இந்தப் பாட்டை முதலில் 'அரபு நாட்டு அலங்காரம்' ஆக்கியவர்கள் விமானத்தில் இருந்தார்கள். நாம் கீழே இருக்கிறவர்கள். கீழே இருந்துகொண்டு மேலே இருப்பவன் காதால் எதற்குக் கேட்கிறீர்கள்?

"பாட்டுதானே அண்ணா" என்பீர்கள். அப்படியானால் அதைத் தடை செய்யவும் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள், குண்டில் எழுதவும் ஏன் மெனக்கெட்டார்கள்?

காலேஜ் போகும் சிலர் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். ஷேக், ஒட்டகம் என்று கேலிச்சித்திரம் போட்ட பாட்டு, தூக்கிப் போட வேண்டும் என்கிறார்கள். கேலிச்சித்திரம்தான், மறுக்கவில்லை. வீடியோ இன்னும் மோசம். ஆனால் அல்ஜீரியாவில் பிறந்து பிரான்ஸில் வளர்ந்த ரஷீத் தாஹா அதைத் தூக்கிப் போடவில்லை. 2004ல் அரபியில் மாற்றி, ஊத் ஓட விட்டுப் பாடினார். காஸ்பா உண்மையில் யாருடையதோ, அவர்கள் பக்கத்திலிருந்து வந்த குரல் அது. கேட்டுப் பாருங்கள், கேலி திசை மாறிவிடும்.

நம் ஆளும் ஒருத்தி இதைச் செய்திருக்கிறாள். அதே 'காம்பாட் ராக்' ஆல்பத்தில் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்று ஒரு பாட்டு உண்டு. எந்த நாட்டிலும் வேண்டாதவர்களாகிப்போன குடியேறிகளைப் பற்றியது, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளைப் பற்றியது. 2007ல் மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., அதன் இசையை எடுத்து 'பேப்பர் ப்ளேன்ஸ்' செய்தாள். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து அகதியாகத் திரும்பிய பெண், அமெரிக்க விசாவுக்கு அலைக்கழிக்கப்பட்ட கடுப்பில் எழுதியது. குடியேறி என்றாலே உன் பணத்தைப் பிடுங்க வந்தவன் என்கிற பயத்தை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். பாட்டு எழுதியவர்கள் பட்டியலில் அவள் பெயரோடு க்ளாஷ்காரர்கள் நால்வர் பெயரும் இருக்கிறது, டாப்பர் ஹெடன் உட்பட.

விசா பக்கத்தை எண்ணிக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். அப்பாவுக்கு வேலை போனால் நமக்கு ஊர் போகும். அந்தப் பாட்டுக்கு இங்கே இருப்பதைவிட நல்ல காது எங்கே கிடைக்கும்? அடுத்த முறை மணலுக்குப் போகும்போது ரஷீத் தாஹாவைப் போடுங்கள். ஊருக்குத் திரும்பும் வழியில், ரோட்டோரம் லேபர் கேம்ப் பஸ் பக்கத்தில் வண்டி நிற்கும்போது மாதங்கியைப் போடுங்கள். ஜன்னலை இறக்கிவிட்டுப் போடுங்கள்.