கறுப்பு அன்னமும் கைதட்டலும்

டெரன் அரோனொவ்ஸ்கியின் 'பிளெக் ஸ்வான்' 2010இல் வெளிவந்தது. நினாவாக நடித்த நத்தாலி போர்ட்மனுக்கு அடுத்த ஆண்டே ஒஸ்கார் விருதும் கிடைத்தது. இத்தனை வருடங்கள் கழிந்தும் நமது இலக்கிய நண்பர்களிடையே இப்படத்தைப் பற்றிப் பேச்செழுந்தால், உன்னதக் கலை கலைஞனின் உயிரைக் கேட்கும் என்ற கருத்துத் தப்பாமல் வந்து விழுகிறது. அந்தப் பொய்யை மறுக்கவே இதை எழுதுகிறேன். ஆபாசம் என்று படத்தை ஒதுக்குவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. இவர்கள் பார்த்தும் பிழையாக விளங்கியிருக்கிறார்கள்.

நியூயோர்க் பலே நடனக் குழுவொன்றில் நினாவுக்கு 'ஸ்வான் லேக்'கின் பிரதான பாத்திரம் கிடைக்கிறது. வெள்ளை அன்னமான ஒடெட், அவளது உருவில் வந்து இளவரசனை ஏமாற்றும் ஒடீல், இரண்டையும் ஒருத்தியே ஆடவேண்டும். முதலாவது அவளுக்குக் கைவந்தது. இரண்டாவது வரவில்லை. பிறகு முதுகில் சொறிந்த புண், தன்பாட்டில் அசையும் கண்ணாடி விம்பம், தோலைத் துளைத்து முளைக்கும் இறகு. பயமுறுத்துவதில் படம் தேர்ந்தது, மறுக்கவில்லை.

ஆனால் நினாவின் சித்தத்தைக் கலைத்தது எது? கலை என்கிறார்கள். தோமஸ் லெரோய் என்கிறேன் நான். தனக்குக் கைகூடாத மேடையை மகளின் கால்களில் தேடும் தாயையும் சேர்த்துக்கொள்ளலாம். எனினும் முதற் குற்றவாளி அந்த நடன இயக்குநன்தான். கறுப்பு அன்னத்தை ஆட அவன் எதைக் கற்றுக்கொடுக்கிறான்? உன்னை மறந்துவிடு என்கிறான். அத்துமீறித் தொடுகிறான். அவன் கொடுத்தனுப்பும் 'வீட்டு வேலை' இங்கு எழுதத்தக்கதல்ல. கற்பிக்கத் தெரியாத ஆசிரியன் பிள்ளையின் மீது பழிபோடுவதைப் பல வகுப்பறைகளில் கண்டிருக்கிறேன். (நானும் சில நாட்கள் அப்படிச் செய்ததுண்டு.)

கறுப்பு அன்னத்தின் கடினமான கட்டம் ஒற்றைக் காலில் தொடர்ந்து சுழலும் 32 சுற்றுகள். 1895இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் 'ஸ்வான் லேக்'கில் அதை ஆடியவர் இத்தாலியரான பியெரினா லெஞ்ஞானி. ரஷ்யரான மதில்டா க்ஷெசின்ஸ்கயாவும் பின்னர் அதைக் கற்றுத் தேறினார். அதன் சூட்சுமம் பேய் பிடிப்பதில் இல்லை. பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி, உடல் திரும்பிய பின்னரே தலையைச் சட்டெனத் திருப்பி, மீண்டும் அதே புள்ளியைப் பிடிப்பதில் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தால் வரும், பயின்றால் நிலைக்கும். க்ஷெசின்ஸ்கயா பாரிஸில் நடனப் பள்ளி நடத்தி, 1971இல் 99 வயதில் காலமானார். உயிரைக் கேட்கும் கலை அவரிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை?

படம் கற்பனைதானே என்பார்கள். வியன்னா அரச ஒபராவின் பலே கல்லூரியில் மாணவர்கள் வதைக்கப்பட்ட செய்தி 2019இல் வெளியானது. மெலிந்திருப்பதற்காகப் புகைபிடிக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டதாக விசாரணைக் குழுவே அறிக்கையிட்டது. அப்படிச் சொன்னது கலையா, ஆட்களா?

அரோனொவ்ஸ்கி மீதான எனது வழக்கும் இதுவே. லெரோயை அவர் நன்றாகவே இனங்காட்டுகிறார். நினாவுக்கு முன் ஆடிய பெத் வாகனத்தில் மோதுண்டு கிடக்கும்போதும், அவளது அழிவுக் குணத்தைச் சிலாகிக்கிறவன் அவன். கடைசியில் அவனுக்கே வெற்றியைக் கொடுத்துவிடுகிறார். வயிற்றில் கண்ணாடித் துண்டு பாய்ந்த நிலையில் நினா அற்புதமாக ஆடி முடித்துச் சாய்கிறாள். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, திரை வெண்மையாகிறது, நாமும் கண்கலங்குகிறோம். அதற்குச் சற்று முன்னர்தான் லெரோய் குனிந்து, முன்பு பெத்தை அழைத்த அதே செல்லப் பெயரால் அவளை அழைக்கிறான். கைதட்டலில் அது எவர் காதிலும் விழவில்லை.