கடைசிப் பெஞ்சு

2025 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையினர், இயன்ற வகுப்பறைகளில் மாணாக்கரைப் ‘ப’ என்னும் எழுத்தின் வடிவில் அமர்த்துமாறு அறிவுறுத்தினர். கடைசிப் பெஞ்சு என்பதே இல்லாது ஒழியவேண்டும் என்பது கருத்து. ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்னும் மலையாளத் திரைப்படம் இவ்வெண்ணத்தை யாவர் நாவிலும் உலவச் செய்தது. கழுத்து நோகும், கண் கெடும் என்று எதிர்ப்பெழவே, சின்னாளில் அவ்வறிவுரை நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்த்தோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அறை சிறிதாயின் ‘ப’ இரண்டு வரிசையாகும். அவ்விரண்டாம் வரிசை மீண்டும் கடைசிப் பெஞ்சேயன்றோ! ஆயினும், அப்பெஞ்சில் இருப்பவர் யார் என்பதை அவ்வழக்கில் யாவரும் மறந்தனர் என்றே யாம் கருதுகின்றோம்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள ஆலைப் பகுதியில் இவ்வினாவிற்கு விடை தேடி அலைய வேண்டுவதில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களினின்று பிழைப்பு நாடி வந்தோரின் பிள்ளைகள் அங்குள்ள பள்ளிகளிற் பயில்கின்றனர். ஆண்டின் இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் பின்புறமே. தமிழறியாப் பிள்ளைக்குக் கண்ணே செவி. ஆசிரியரின் வாயசைவும் கையசைவும் கரும்பலகையில் எழுதும் படமுமே அதற்குப் பாடம். அவற்றை மறைத்துவிட்டுப் ‘பையன் மந்தம்’ என்று எழுதுதல் எவ்வாறு நியாயமாகும்?

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் செய்யப்பட்டு வருகின்றன. இத்தகைய ஆலைகளில் தொழிலாளி குனியாது நின்று வேலை செய்யவும், கருவி கைக்கெட்டவும், வெளிச்சம் வேலைமேல் விழவும் அளந்து அமைப்பர். திருகாணிக்குச் செய்யும் இவ்வளவு கணக்கைப் பிள்ளைக்குச் செய்யலாகாதா?

செய்தவர்களும் உளர். 2003 இல் எம். பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவிச் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007 - 08 இல் மாநிலமெங்கும் பரவிற்று. பெஞ்சுகள் அகன்றன, பாய்கள் வந்தன. சுவரின் அடிப்பகுதியில், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில், அவரவர்க்கெனக் கரும்பலகை தீட்டினர். படம் பொறித்த அட்டைகளைப் பிள்ளைகள் தாமே எடுத்துக் குழுக்களாய் வட்டமிட்டு அமர்ந்தனர்; ஆசிரியரும் அவர்களோடு பாயில் அமர்ந்தார். அட்டைகள் மிகுதி, ஆசிரியர்க்குச் சுமை என்னும் குறை கூறப்பட்டதுண்டு, அஃது இருக்கட்டும். ஆசிரியர் எழுந்து நடந்தாலன்றி எந்த வடிவமும் பயன்படாது என்பதை அம்முறை காட்டிற்று.

ஆகவே ஒரே வடிவத்தை எல்லாப் பள்ளிக்கும் விதிக்க யாம் வேண்டோம். புதிதாய் வந்த பிள்ளை ஆசிரியரின் கைக்கெட்டும் இடத்தில், வாய் ஓயாது பேசும் தமிழ்ப் பிள்ளை ஒன்றன் அருகில் அமர்க. சன்னலின் ஒளி கரும்பலகையிற் பட்டுக் கூசாதிருக்க. 2009 ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்னும் விகிதத்தை வகுத்துள்ளது. அவ்வளவினராயின் இவை அரியனவல்ல.

நம் கல்லூரியினின்று ஆசிரியராய்ச் செல்லும் நண்பர்கள், முதல் நாள் மாலை பிள்ளைகள் சென்றபின், கடைசிப் பெஞ்சிற் சற்றே அமர்ந்து தாம் எழுதியதைப் படித்துப் பார்ப்பாராக. எழுத்துத் தெரியாவிடின், பெஞ்சை நகர்த்த எவரது ஆணையும் வேண்டுவதில்லை.