பழைய ஜீப் வாங்கப் போனோம்

இளைப்பாறும் ஆசிரியர் ஒருவரின் கையில் பெருந்தொகையாகப் பணம் வந்து சேர்வது வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். அது வந்து சேருமுன்னரே அதனைச் செலவிடும் வழிகளைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆட்கள் பலர் உளர். எம்முடன் இருபது ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வந்த நண்பருக்கு அவருடைய மருமகன் சொல்லிக்கொடுத்த வழி, ஒரு பழைய ஜீப் வாங்குவதாகும்.

வியாழக்கிழமை மாலை எமது தெஹிவளை வீட்டு விறாந்தையில் அமர்ந்து நண்பர் தமது நியாயத்தை விரித்தார். அவருடைய தாயாருக்கு வயது எண்பத்தாறு. கண்மூடுமுன் தென்மராட்சியில் உள்ள தம் ஊர்க் கோயிலை ஒருமுறை தரிசிக்க வேண்டும் என்பது அவ்வம்மையாரின் ஆசை. இரவு பஸ்ஸில் நானூறு கிலோமீற்றர் உட்கார்ந்து செல்ல அவருடைய இடுப்பு இடங்கொடாது. ரயிலில் போனாலும் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் மணல் ஒழுங்கை மாரியில் சேறாகிவிடும். ஆகவே ஜீப்தான் தகும் என்றார். “எண்பத்தாறு வயதுக் கிழவி அந்த உயரத்துக்கு எப்படி ஏறுவா?” என்று அவருடைய மனைவியார் கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஆனால் வாகனம் வாங்கத் துணிந்த ஆடவர் எவரும் இத்தகைய கேள்விகளுக்குச் செவிசாய்த்ததை நாம் கண்டதில்லை.

“மாஸ்டர், நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. என்ரை காசு முழுக்க இதிலைதான் போகப்போகுது” என்றார் நண்பர். அந்தப் பின்வாக்கியமே எம்மை இழுத்துச் சென்றது.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் உயரமான வாகனம் எதுவாயினும் இத்தீவில் அதற்கு ஜீப் என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரோடு உலகம் சுற்றிய சிறு வண்டியின் பெயர் அது. 1948 இல் வெளிவந்த லான்ட் றோவருக்கும், 1951 இல் பிறந்த லான்ட் குறூசருக்கும், 1982 இல் வந்த பஜெரோவுக்கும் அப்பெயரே பொதுப்பெயராகிவிட்டது. இவற்றுள் முப்பது வயதைத் தாண்டியவைகூட எமது வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. அதற்குக் காரணம் அவற்றின் உறுதி மட்டுமன்று. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. திறந்தபோது வரியும் கூடவே நின்றது. அந்த ஐந்து ஆண்டுகளில், பயன்படுத்திய வாகனத்தை வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் உண்டு. பழையது விலை குறையும் என்று நாம் மாணவருக்குச் சொல்லிவந்த பாடம் எம்மையே பார்த்து நகைத்த காலம் அது.

பொருளியல் படிப்போர் இங்கே ஓர் அறிஞரை நினைவுகூர்தல் தகும். ஜோர்ஜ் அக்கர்லோஃப் என்னும் அமெரிக்கர் 1970 இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தன் வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவான விலையையே கொடுக்க முன்வருவான். அந்த விலைக்குத் தன் நல்ல வண்டியை விற்க மனமின்றி நல்லவன் சந்தையை விட்டு விலகுவான். எஞ்சுவது பெரும்பாலும் பழுதே. இதனைச் சஞ்சிகைகள் மூன்று ஏற்க மறுத்தன. பின்னர் 2001 இல் அவருக்கு நோபெல் பரிசின் பங்கு கிடைத்தது. நண்பருக்கு வழியிலேயே இதனை விளக்கினோம். “அப்படியெண்டால் நல்ல ஜீப் ஒண்டும் விற்பனைக்கு வராதோ?” என்றார். வரும். உரியவர் வெளிநாடு செல்லும்போதும், குடும்பத்தில் ஒருவர் மறைந்தபோதும், பணமுடை நேர்ந்தபோதும் நல்லவையும் வரும். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது “ஏன் விற்கிறீர்கள்?” என்பதே.

ஞாயிறு காலை, களுபோவிலைப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கல்கிசைக்குச் சென்றோம். எல்லோரும் ‘பாஸ்’ என்று அழைக்கும் முதியவர் அவர். கடற்கரைக்கு அண்மையான ஒழுங்கையில் ஜீப் நின்றது. புதிதாய்ப் பூசிய வெள்ளை நிறம். ரயர்களில் கறுப்பு மினுக்கம். நண்பரின் முகம் மலர்ந்தது. பாஸ் நிறத்தைப் பார்க்கவில்லை. நேரே சென்று எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

“காலையிலை கடைக்குப் போய்வந்தேன்” என்றார் விற்பவர்.

“பரவாயில்லை, ஆறட்டும். நாங்கள் இருக்கிறம்” என்றார் பாஸ்.

அங்கேதான் எமக்கு முதற் பாடம் கிடைத்தது. பழைய டீசல் எஞ்சினின் உண்மையான உடல்நிலை, இரவு முழுதும் குளிர்ந்த பின்னர் அது முதன்முறை உயிர்பெறும் வேளையிலேயே தெரியும். உள்ளே அழுத்தம் குறைந்திருந்தால் நெடுநேரம் முக்கி, வெண்புகை கக்கியே எழும். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சினோ சாவி திருப்பியதும் சிரித்துக்கொண்டு எழும். புகையின் நிறமும் பேசும். நீலமாயின் எண்ணெய் எரிகின்றது. கறுப்பாயின் டீசல் முழுதும் எரியவில்லை. சூடேறிய பின்னும் வெண்மை நீங்காவிடில் தண்ணீர் உள்ளே புகுகின்றது என்று ஐயுறலாம்.

ஆறும்வரை பாஸ் சும்மா இருக்கவில்லை. பழைய சாக்கொன்றை விரித்து அடியில் புகுந்தார். இத்தகைய ஜீப்புகள் பலவற்றுக்கு ஏணிபோன்ற இரும்புச் சட்டமே முதுகெலும்பு. உடல் அதன்மேல் வைத்துப் பூட்டப்பட்டது. வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எனக் கடலோரமாக வாழும் எமக்கு உப்புக்காற்று ஜன்னற் கம்பியை என்ன செய்யும் என்பது தெரியும். அதே காற்றுத்தான் இந்தச் சட்டத்தையும் தின்கிறது. மேலே பூசிய நிறம் இதனைக் காட்டாது. பாஸ் ஒரு திருகாணிச் சாவியின் பிடியால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இரும்பு கணீரென்றது. பின்சக்கரத்தருகே ஓரிடத்தில் ஓசை மந்தமாயிற்று. அங்கே தகடு வைத்து ஒட்டித் தார் பூசியிருந்தார்கள்.

பின்னர் உள்ளே வந்து இருக்கைப் பட்டியை முழுநீளமும் வெளியே இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாயின் பட்டியின் உள்நுனியில் சேற்றுக்கோடு நிற்குமாம். கம்பளத்தைக் கழுவுபவர்கள் பட்டியை மறந்துவிடுவார்கள். 2016 மேயில் களனி கங்கை பெருகியதையும், 2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் செய்த அழிவையும் கண்டவர்கள் இதனை மறத்தலாகாது. இந்தப் பட்டியில் சேறில்லை. அதன் அடியிலிருந்த சிறு துணிச் சீட்டில் உற்பத்தி ஆண்டு இருந்தது: 1994. விற்பவர் சொன்னதோ 1997. அவர் பொய் சொன்னார் என்பதற்கில்லை. ஜப்பானில் ஓடிய பின்னர் இங்கே பதிவானது 1997. இலக்கத் தகடு பதிவான ஆண்டையே சொல்லும், பிறந்த ஆண்டையன்று.

தூரம் காட்டும் மீற்றரில் 1,28,000 என்றிருந்தது. பிறேக் மிதியின் இறப்பரோ தேய்ந்து உலோகம் தெரிந்தது. இரண்டில் எது சாட்சி சொல்ல மறுக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

பத்திரங்களைப் பார்ப்பது எமது பங்கு. பதிவுச் சான்றிதழில் இருந்த பெயர் விற்பவரின் பெயரன்று. முன்னைய உரிமையாளர் திகதியிடாமல் ஒப்பமிட்டுக் கொடுத்த மாற்றப் பத்திரம் ஒன்றைக் காட்டினார். ‘திறந்த பத்திரம்’ என்று இதற்குப் பெயர். கைக்குக் கை மாறி வாகனம் போய்க்கொண்டே இருக்கும். நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டிலோ பழைய பெயரே நிற்கும். அந்தப் பழையவர் இறந்துபோனால், அல்லது லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக அவ்வேட்டில் இன்னும் இருந்தால், பணம் கொடுத்தவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஆகவே பணத்தை எடுக்குமுன் திணைக்களத்தில் விவரம் பெற்று, அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியிலே பொறித்திருப்பனவற்றோடு ஒத்துப்பார்த்தல் இன்றியமையாதது. எஞ்சினை மாற்றிப் பூட்டிவிட்டு ஏட்டில் மாற்றாமல் விட்ட வண்டிகள் உண்டு.

ஒன்றரை மணி நேரம் கழிந்தது. இரண்டு முறை தேநீர் வந்தது; இரண்டாம் முறை சீனி குறைவாக இருந்தது. பாஸ் எழுந்து துணியொன்றைச் சுற்றி றேடியேற்றர் மூடியை மெல்லத் திறந்தார். சூடாயிருக்கும்போது இதனைத் திறப்பவர் முகம் வெந்துபோகும். பிள்ளைகள் அருகே போகலாகாது. மூடியின் உட்புறத்தில் பால்தேநீர் நிறத்தில் ஒரு பிசின் படிந்திருந்தது. பின்னர் எஞ்சினை இயக்கச் சொன்னார். றேடியேற்றரின் வாயில் குமிழிகள் எழுந்தன; அடங்கவில்லை, எழுந்துகொண்டே இருந்தன. எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகின்றது. எஞ்சினின் மேற்றலை வெடித்திருக்க வேண்டும், அல்லது அதனடியில் உள்ள கசிவுத்தடைத் தகடு போயிருக்க வேண்டும் என்றார். தெஹிவளைச் சந்திக்குப் போய்வரலாம். வவுனியா தாண்டும்போது, நடுவெயிலில், எண்பத்தாறு வயது மூதாட்டியோடு அது நின்றுவிடும்.

நான்கு சக்கர இயக்கத்தையும் சோதிப்போம் என்று எண்ணிச் சென்றோம். அதற்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆயினும் ஒன்று கூறிவைப்போம். நடுவில் வேறுபாட்டுப் பல்லிணைப்பு இல்லாத பழைய வகைகளில், காய்ந்த தார் வீதியில் அதனைப் பூட்டிக்கொண்டு வளைதல் கூடாது. மணலிலோ புல்லிலோதான் சோதிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அந்த நெம்புகோலைத் தொடாமலே வைத்திருப்போர் பலர், தொட்டால் அசையாது.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. “யோசித்துச் சொல்லுகிறம்” என்று விடைபெற்றுப் படலைக்கு வந்தோம். அங்கே ஓர் இளம் தம்பதியர், கைக்குழந்தையோடு, இதே ஜீப்பைப் பார்க்கக் காத்து நின்றனர். கணவனின் கையில் ஒரு தடித்த கடித உறை இருந்தது. நாம் அவர்களைக் கடந்து ஆறேழு அடி நடந்துவிட்டோம். மாணவருக்கு அக்கர்லோஃபைக் கற்பிக்கும் எமக்கு, விற்பவரின் தேநீரைக் குடித்துவிட்டு அவர் வாசலிலேயே அவருக்கு எதிராகப் பேசலாமோ என்ற கூச்சம் வந்து நாவைக் கட்டியது. நண்பரும் நிலத்தையே பார்த்து நடந்தார்.

திரும்பிச் சென்றவர் பாஸ்தான். அந்த இளைஞனிடம் சிங்களத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார்: எஞ்சின் நன்றாக ஆறும்வரை இரு, ஆறியபின் றேடியேற்றர் மூடியைத் திறக்கச் சொல். விற்பவர் உள்ளிருந்து ஏதோ உரக்கக் கூறினார். பாஸ் காதில் வாங்கவில்லை. இளைஞன் அந்த உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படலைத் தூணில் சாய்ந்து நின்றான்.

காலி வீதிக்கு வரும்வரை மூவரும் பேசவில்லை. பஸ் தரிப்பில் நின்றபோது நண்பர் கேட்டார்: “பாஸ், அடுத்த ஞாயிறு மொறட்டுவையிலை இன்னொண்டு இருக்காம். வருவியளோ?”

“வாறன். அதுக்கு முதல் அவருக்குச் சொல்லிவையுங்கோ, காலையிலை கடைக்குப் போக வேண்டாமெண்டு” என்றார் பாஸ்.