வருகைப் பதிவும் வராத பிள்ளையும்

நமது நாட்டில் எந்தப் புது யந்திரம் வந்தாலும் முதலில் அதற்கு ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். ஆயுத பூஜை வந்தால் பள்ளிக்கூடத்துக் கணினிக்கும் சந்தனமும் எலுமிச்சம்பழமுந்தான். அந்த மூடத்தனம் ஒரு நாளோடு போகின்றது. வருஷம் முழுதும் நடக்கும் பூஜை ஒன்று இருக்கின்றது. அதைப் பற்றியே எழுதுகின்றோம்.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களின் கணக்கு இன்று ‘எமிஸ்’ என்னும் தகவல் முறைமைக்குள் இருக்கின்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். உபாத்தியாயர் கைப்பேசியில் வருகையைப் பதிய வேண்டும். இதைக் கெடுதி என்று நாம் சொல்லவில்லை. ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டியில் கிடந்து, மற்றவன் கண்ணில் படாதிருந்த காலத்தை அறிந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

ஆனால் கணக்கு யாருக்காக? அமிர்திக் காட்டைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறிப் பாருங்கள். நிலம் வயிற்றுக்குப் போதாமல் மலையாளிப் பழங்குடியினர் கூலிக்கு வெளியூர் போகின்றார்கள். 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் போலீசார் சுட்டுக் கொன்ற 20 பேரில் இம்மலைக்காரர்களும் இருந்தார்கள். தகப்பன் போன வீட்டில் பிள்ளை ஆடு மேய்க்கும், அல்லது தம்பியைத் தூக்கிக்கொண்டு திரியும். அது வரவில்லை என்பது சென்னை வரை தெரிகின்றது. தெரிந்த பின் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகின்றவர் யார்? உபாத்தியாயரா? டவர் எட்டாத ஊரில் அவர் மேட்டைத் தேடிக் கைப்பேசியை உயர்த்திக்கொண்டல்லவா நிற்க வேண்டியிருக்கின்றது! பதியாவிட்டால் மேலிருந்து கேள்வி வரும்; பாடம் நடத்தாவிட்டால் யார் கேட்கப்போகின்றார்கள்? பூசாரிக்காவது தட்டில் காசு விழும், இவருக்கு அதுவுமில்லை.

நிற்க. ஜாதி விஷயத்திற்கு வருவோம். 2023-ல் நாங்குநேரியில் ஓர் ஆதித்திராவிட மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் ஜாதி விவரம் கூடாதென்று 2024-ல் சொல்லிற்று. ‘அப்படியானால் இடஒதுக்கீடு எப்படி?’ என்று சில சாமர்த்தியசாலிகள் கேட்கக்கூடும். காகிதத்தில் இது தொல்லை. கணினியில் எவ்வளவு சுலபம்! உதவித்தொகைக்கும் ஒதுக்கீட்டுக்கும் வேண்டிய ஜாதி விவரம் அதற்குரிய அதிகாரியின் பூட்டுக்குள் இருக்கட்டும். வகுப்பாசிரியர் திரையில் பெயரும் எண்ணும் போதும். இதற்குப் பெரும் பணமொன்றும் வேண்டியதில்லை. பணம் செலவிட மனமிருந்தால் மலைப்பள்ளிகளின் பதிவு வேலைக்கு ஒரு குமாஸ்தாவைப் போடுங்கள். உபாத்தியாயரை வகுப்புக்கும், வராத பிள்ளையின் வீட்டுக்கும் அனுப்புங்கள் என்று கல்வி இலாகாவைக் கேட்கின்றோம்.