பார்க்காமலே மூலமா?

பேருந்து நிலையச் சுவர்களில் அந்த விளம்பரத்தைப் பார்க்காத தமிழர் உண்டா? "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மலத்தில் ரத்தம் கண்டவர் நேரே அங்கேதான் போகிறார். அவர் வாய் திறந்து சொன்னதுமே நோயின் பெயர் முடிவாகிவிடுகிறது. குடலுக்குள் பார்த்தது யார்? யாருமில்லை!

ரத்தம் வந்தால் பெரும்பாலும் மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் காரணம் என்பது உண்மையே. ஆனால் பெருங்குடல் புண்ணிலும், பாலிப் என்னும் சதை வளர்ச்சியிலும், புற்றுநோயிலும் ரத்தம் வரும். மூலம் உள்ளவருக்கே புற்றுநோயும் இருக்கலாம். ரத்தத்தின் நிறத்தை மட்டும் கேட்டு இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பெருங்குடலின் நீளம் சுமார் 1.5 மீட்டர். நுனியில் கேமரா உள்ள வளையும் குழாயைச் செலுத்தி அதை முழுவதும் பார்ப்பதுதான் கொலோனோஸ்கோப்பி. பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. சந்தேகம் இருந்தால் சோதனைக்குத் துளி சதை எடுக்கலாம். பாலிப் இருந்தால் கம்பிச் சுருக்கு மாட்டி மின்சாரத்தால் அறுத்தே எடுத்துவிடலாம். நியூயார்க்கில் 1969-லேயே செய்துகாட்டப்பட்ட முறை இது. பாலிப் புற்றுநோயாக மாற வழக்கமாகப் பத்து ஆண்டுகள் பிடிக்கும். அந்த அவகாசத்தைத்தான் களிம்பும் லேகியமும் தின்றுவிடுகின்றன.

வெட்கம் என்கிறார்கள். முன்பின் தெரியாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளும்போது வராத வெட்கம், மருத்துவமனையில் மட்டும் ஏன்? வலிக்கும் என்கிறார்கள். மயக்க மருந்து எதற்கு இருக்கிறது? முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்வதுதான் பலருக்குப் பெரிய சிரமம். செலவு என்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரித்தார்களா?

எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் அரிதாக உண்டு. பலருக்கு விரல் பரிசோதனையும் சிறு குழாய்ச் சோதனையுமே போதும். ஆனால் 45 வயதைக் கடந்தவர், காரணமின்றி எடை குறைபவர், ரத்தசோகை உள்ளவர், மலம் கழிக்கும் வழக்கம் மாறியவர், குடும்பத்தில் குடல் புற்றுநோய் கண்டவர் ஆகியோர் ரத்தம் கண்டால் தள்ளிப்போடவே கூடாது.

மூலம் என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பார்த்துச் சொல்கிறீர்களா, கேட்டுச் சொல்கிறீர்களா?"