காணாத காயம்

பந்தை ஏந்தி ஓடி எல்லையைத் தொடுபவனையே உலகம் வீரன் என்று கொண்டாடுகின்றது. அவன் ஓடுவதற்கு வழி திறந்துவிட்டவனை நினைப்பவர் மிகச் சிலர். அத்தகைய ஒருவரின் வரலாறு பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்தருவது. ஆதலின் அதனை இன்று நோக்குவோம்.

அமெரிக்க உதைபந்தாட்டம் பெயரளவிலேதான் உதைபந்தாட்டம். பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியுமே பெரும்பாலும் ஆடுவர். பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தின் முன்வரிசையில் ஐவர் நின்று, எதிரிகள் பாய்ந்து வராதவாறு மதில்போலத் தடுப்பர். அவர்களுள் நடுவில் நிற்பவர் குனிந்து, பந்தைக் கால்களினூடாகப் பின்னே நிற்பவரிடம் கொடுப்பார். மறுகணமே எதிரியோடு மோதுவார்.

விஸ்கொன்சின் மாநிலத்து உருளைக்கிழங்குப் பண்ணையொன்றில் வளர்ந்த மைக் வெப்ஸ்டர், 1974 முதல் 1988 வரை பிட்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸ் குழுவில் அந்நடுவிடத்தைக் காத்தார். அக்காலத்தில் அக்குழு நான்கு முறை சுப்பர் பௌல் வெற்றியை ஈட்டியது. 'இரும்பு மைக்' என்று மக்கள் அவரை அழைத்தனர். 17 பருவங்களில் 245 ஆட்டங்கள் ஆடி ஓய்ந்த அவர், 1997இல் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டார்.

ஆயின் அதற்குள் அந்த இரும்பு துருப்பிடித்துவிட்டது. நினைவு தடுமாறிற்று, குடும்பம் பிரிந்தது, சில இரவுகளில் தமது வாகனத்திலேயே உறங்கினார். 2002இல், 50ஆவது வயதில் மாண்டார்.

நைஜீரியாவிற் பிறந்த மருத்துவர் பெனற் ஒமாலு அவரது மூளையை ஆராய்ந்தார். வெறுங்கண்ணுக்கு அதிற் குறையொன்றும் தெரியவில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கியபோதுதான், 'தௌ' என்னும் புரதம் கேடாகத் தேங்கியிருந்தது புலனாயிற்று. ஆண்டாண்டாகத் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளின் விளைவு அது என்று 2005இல் அவர் எழுதினார். லீக்கைச் சார்ந்த மருத்துவர்களோ அக்கட்டுரையை மீளப்பெறுமாறு கேட்டனர். அந்நோய்க்கும் ஆட்டத்துக்கும் தொடர்புண்டு என்று லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் ஒப்புக்கொண்டது 2016இலேதான்.

பொறுமை நற்குணமே. எனினும் தலையிற் பட்ட அடியை மறைத்து ஆடுவதை நாம் வீரம் என்று புகழலாகாது. அடிபட்ட பிள்ளையை ஆட்டத்தினின்று நீக்கி மருத்துவரிடம் காட்டுதல் நமது கடன். "ஒன்றுமில்லை, போய் ஆடு" என்று திருப்பி அனுப்புமுன், பெற்றோரும் ஆசிரியரும் வெப்ஸ்டரை ஒருகணம் நினைப்பாராக.